பயந்தவர்களுக்குக் கிடைத்த நாவு

சென்ற வாரம் பிரதான ஆசாரியனின் முற்றத்தில் நிறுத்தியிருந்தோம். தீயருகே உட்கார்ந்திருந்த பேதுரு, ஒரு வேலைக்காரி கேட்ட கேள்வியில் ஆடிப்போய் இயேசுவை மறுதலிக்கத் தொடங்கிய இரவு அது. அப்போஸ்தலர் நடபடிகள் 4ஆம் அதிகாரத்தில், அன்னாவும் காய்பாவும் அமர்ந்திருக்கும் ஆலோசனைச் சங்கத்தின் நடுவே அதே பேதுரு நின்று, தயங்காமல் இயேசுவின் பெயரைச் சொல்கிறார். இடையில் அவருடைய சுபாவம் மாறிவிட்டது என்றுதான் வழக்கமாக விளக்குகிறோம். எனக்கு அது சரியாகப் படவில்லை. பிற்காலத்தில் அந்தியோகியாவில், எருசலேமிலிருந்து வந்தவர்களுக்குப் பயந்து, புறஜாதியாரோடு பந்தியில் உட்காராமல் இதே பேதுரு விலகிக்கொண்டதைக் கலாத்தியர் நிருபத்தில் பவுல் எழுதுகிறார். பயம் அவரை விட்டுப் போகவே இல்லை. அப்படியானால் சங்கத்தின் முன் அவரைப் பேசவைத்தது எது?

தமிழ் வேதாகமம் ‘தைரியம்’ என்று தரும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் ‘பர்ரேசியா’. ஏதென்ஸ் நகரத்துக் குடிமகன் மக்கள் சபையில் எழுந்து, மனதில் உள்ளதை மறைக்காமல் பேசும் உரிமைக்கு வழங்கிய பெயர் அது. தைரியம் என்றதும் நமக்கு நெஞ்சுரமும் பயமறியாமையும் நினைவுக்கு வருகின்றன; கூச்சமுள்ள விசுவாசி, இது நமக்கு வாய்க்காதது என்று ஒதுங்கிவிடுகிறார். மூலச்சொல்லோ வாய் திறப்பதைப் பற்றியது. அதையும் ஆதிச் சபையார் கேட்டுத்தான் பெற்றார்கள். சங்கத்தார் பேதுருவை மிரட்டி அனுப்பிய பிறகு சபையார் கூடி ஜெபித்தபோது, மிரட்டல் நீங்க வேண்டும் என்று கேட்கவில்லை. அதன் நடுவிலும் வசனத்தைப் பேசும் வரத்தைக் கேட்டார்கள். இல்லாததைத்தானே கேட்பார்கள்! பவுலும் அப்படித்தான். கொரிந்துவுக்குப் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் வந்ததாக அவரே ஒப்புக்கொள்கிறார்; அந்த நகரத்தில்தான் ஒன்றரை ஆண்டு தங்கிப் போதித்தார். எபேசியருக்கு எழுதும்போது, சங்கிலியில் கிடந்தபடி, விடுதலைக்காக அல்ல, தன் வாய் திறப்பதற்காக ஜெபிக்கச் சொல்கிறார்.

பேச்சு எதற்கு, நல்ல வாழ்க்கையே போதுமான சாட்சியாயிற்றே என்பார்கள். பாதி உண்மை. வாழ்க்கை இல்லாத பேச்சை யாரும் மதிப்பதில்லை. ஆனால் ஆலயத்தின் அலங்கார வாசலில் பிச்சை கேட்டுக்கொண்டிருந்த, நடக்க முடியாத, 40 வயதைத் தாண்டிய ஒரு மனிதர் பேதுருவின் சொல்லுக்கு எழுந்து நடந்தபோது நடந்ததைப் பாருங்கள். கண்ட ஜனங்கள் பேதுருவின் பக்தியே இதைச் செய்ததென்று நினைத்து அவரையே வியந்து பார்த்தார்கள். அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அந்தப் புகழ் அவருக்கே போயிருக்கும். நற்செயல் கேள்வியை எழுப்புகிறது. யார் பெயரால் நடந்தது என்பதை ஒருவர் சொல்லித்தான் ஆகவேண்டும். மௌனத்தைப் பணிவு என்கிறோம். இங்கே பேசியதுதான் பணிவு.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: நம்பிக்கை அவரவர் அந்தரங்கம், அதை அடுத்தவரிடம் கொண்டுபோவது திணிப்பு. திணித்தவர்களும் ஆசை காட்டியவர்களும் சரித்திரத்தில் உண்டு. அவர்களுக்காக வாதாட எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தக் குற்றத்தைச் சொல்வதன்மேல் சுமத்த முடியாது. கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் பயபக்தியோடும் பதில் சொல்லுங்கள் என்பதே பேதுருவின் முதல் நிருபம் தரும் ஆலோசனை. மறுதலித்தவர் பெயரில் வரும் ஆலோசனை என்பதால் அதை இன்னும் கவனமாக வாசிக்கிறேன். ஏதென்ஸில், மார்ஸ் மேடையில், பவுல் பேசி முடித்தபோது சிலர் பரிகசித்தார்கள், சிலர் இன்னொரு முறை கேட்கிறோம் என்றார்கள், சிலர் விசுவாசித்தார்கள். அவர் யாரையும் பிடித்து நிறுத்தவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு அவர்கள் நடுவிலிருந்து புறப்பட்டுப் போனார்.

(தொடரும்)