ஆப்பிளுக்குள் தொலைந்த சர்க்கரை

1920களின் கடைசியில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை லண்டனிலிருந்து ரயிலேறி கென்ட் பகுதியின் ஆப்பிள் தோட்டங்களுக்குப் போய்வந்தார் எல்சி விடோசன். பறித்த காய்களோடு இம்பீரியல் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குத் திரும்புவார். பிஞ்சில் தொடங்கி, பழுத்து, பறித்தபின் கிடங்கில் கிடக்கும் காலம் வரை ஆப்பிளின் சர்க்கரைகள் எப்படி மாறுகின்றன என்பதுதான் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு.

கேட்கச் சின்ன விஷயமாகத்தான் இருக்கும். ஆனால் ஆப்பிளின் இனிப்பில் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், இவை இரண்டும் பிணைந்த சுக்ரோஸ் என்று மூன்று சர்க்கரைகள் கலந்திருக்கின்றன. காயிலிருக்கும் ஸ்டார்ச்சும் பழுக்கப் பழுக்கச் சர்க்கரையாகிறது. இதில் குளுக்கோஸையும் ஃபிரக்டோஸையும் தனித்தனியே அளப்பது பெரும்பாடு. இரண்டிலும் 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன் அணுக்கள். எடையில் இம்மியும் வித்தியாசம் கிடையாது. கோத்திருக்கும் விதம் மட்டும் வேறு. அந்த வேறுபாடு என்னவெல்லாம் செய்கிறது பாருங்கள்! ஃபிரக்டோஸ் நாக்கில் கூடுதலாக இனிக்கிறது. ஒரே தளத்தில் அதிரும் ஒளியைக் கரைசலுக்குள் பாய்ச்சினால், குளுக்கோஸ் அதை வலப்பக்கம் திருப்புகிறது, ஃபிரக்டோஸ் இடப்பக்கம் திருப்புகிறது. சூடான அமிலத்தில் ஃபிரக்டோஸ் சீக்கிரமே சிதைந்தும் போகிறது.

இந்தக் கடைசிக் குணம்தான் எல்சியின் வாழ்க்கையைத் திருப்பியது.

பட்டம் பெற்றபின் உணவியல் படிப்பில் சேர்ந்த அவர், 1933இல் பெரிய அளவில் சமைக்கக் கற்றுக்கொள்ள லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனைச் சமையலறைக்குப் போனார். இறைச்சி வேகும்போது என்னென்ன சத்துகளை இழக்கிறது என்று அங்கே ஆராய்ந்துகொண்டிருந்தார் ராபர்ட் மெக்கான்ஸ் என்ற மருத்துவர். பழங்களின் சர்க்கரைக்கு மெக்கான்ஸ் முன்பே கண்டிருந்த எண்களைப் பார்த்ததுமே எல்சிக்கு உறுத்தியது. ஃபிரக்டோஸ் குறைவாக இருக்கிறது, கணக்கு தப்பு என்று அவரிடமே சொல்லிவிட்டார். அளப்பதற்காக அமிலத்தில் சூடாக்கியபோது ஃபிரக்டோஸில் ஒரு பங்கு அழிந்துபோயிருந்தது. பழத்தில் இருந்த சர்க்கரை, ஏட்டில் ஏறாமலே போயிற்று.

அந்தச் சமையலறையை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும். ஒரே ஒரு பழத்தோடு வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தவருக்கு, எல்லாப் பழங்களின் கணக்கிலும் இருந்த ஓட்டை தெரிந்துவிட்டது. ஊட்டச்சத்தியலில் முனைவர் பட்டம் தரும் பயிற்சி இதுதான் என்று நினைக்கிறேன். மெக்கான்ஸின் மனமும் பெரியது. கோபிக்காமல், நிதி வாங்கிக் கொடுத்து, தன் எண்களைத் திருத்தும் வேலையை எல்சியிடமே ஒப்படைத்தார்.

அடுத்த 60 ஆண்டுகள் இருவரும் சேர்ந்தே ஆராய்ந்தார்கள். உணவுகளின் வேதிச் சேர்மானத்தை அட்டவணையாக்கிய அவர்களுடைய நூல் 1940இல் வந்தது. திருத்திய பதிப்புகள் இன்றும் அவர்கள் பெயரில்தான் வருகின்றன. இரும்புச்சத்தைத் தங்கள் ரத்தத்திலேயே ஊசியால் ஏற்றிக்கொண்டு, எவ்வளவு வெளியேறுகிறது என்று பார்த்தார்கள். ஏறக்குறைய எல்லாமே உள்ளேயே தங்கிவிட்டது. மிஞ்சிய இரும்பை வெளியே தள்ள உடம்புக்கு வழியில்லை, எவ்வளவு உள்ளே விடுவது என்பதைக் குடல்தான் முடிவு செய்கிறது என்பது இப்படித்தான் தெளிவானது.

நம் பக்கத்திலும் அதே வருடங்களில் உணவுகளை அட்டவணையாக்கும் வேலை நடந்தது. குன்னூரின் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்துக்கு இயக்குநராக இருந்த அய்க்ராய்ட், இந்திய உணவுகளின் சத்து மதிப்புகளைத் தொகுத்து 1937இல் வெளியிட்டார். கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து அதிகம் என்று இன்று பாட்டியிலிருந்து டாக்டர் வரை எல்லோரும் சொல்கிறோம். அதை எண்ணாக எழுத வேண்டுமானால், கேழ்வரகை அடுப்பிலிட்டு வெள்ளைச் சாம்பலாகும் வரை எரித்து, அந்தச் சாம்பலுக்குள்தான் தேட வேண்டும்.