செல்போனையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் கேபிள்: விற்கும் முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

காத்தான்குடி, ஏறாவூர் முதல் கல்முனை வரை, மட்டக்களப்பு வாவியை ஒட்டிய ஊர்களில் செல்போன் உதிரிப்பாகம் விற்காத கடைத்தெரு இல்லை. அக்கடைகளில் அடிக்கடி திருப்பிக் கொண்டுவரப்படும் பொருட்களில் ஒன்று, போனையோ லெப்டொப்பையோ ஸ்பீக்கருடன் இணைக்கும் ஒலிக் கேபிள். 'வேலை செய்யவில்லை' என்று வாடிக்கையாளர் சொல்வார். சோதித்துப் பார்த்தால் பல தடவைகளில் கேபிளில் பழுதே இருக்காது. பொருந்தாத கேபிள் விற்கப்பட்டிருக்கும்.

இதைச் சிறிய விடயம் என்று விட்டுவிட முடியாது. 300 ரூபாவுக்கு வாங்கிய கேபிளை 400 ரூபாவுக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். பத்து விற்றால் இலாபம் 1000 ரூபா. அவற்றில் இரண்டு, மீண்டும் விற்க முடியாத நிலையில் திரும்பி வந்து நீங்கள் பணத்தைக் கொடுத்துவிட்டால், மிஞ்சுவது 200 ரூபா மாத்திரமே. எனவே கேபிளைக் கையில் கொடுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுமாறு நான் சக வியாபாரிகளிடம் வலியுறுத்துவதுண்டு.

முதலாவது கேள்வி: ஒலி எதிலிருந்து வருகிறது?

சாதாரண ஹெட்போன் துவாரம் 3.5 மில்லிமீற்றர் அளவுடையது. 1979இல் சோனி நிறுவனத்தின் வோக்மன் வந்தபின் இந்த ஸ்டீரியோ ஜெக் உலகெங்கும் பரவியது. ஜெக்கின் முனையிலுள்ள கறுப்பு வளையங்களை எண்ணிப் பாருங்கள். ஒன்றாயின் மோனோ, இரண்டாயின் ஸ்டீரியோ, மூன்றாயின் மைக்குடன் கூடியது. பாட்டோ பயானோ ஸ்பீக்கரில் கேட்பதற்கு இரண்டு வளையமுள்ளதே போதும்.

2016இல் வெளியான ஐபோன் 7இலிருந்து அப்பிள் நிறுவனம் இந்தத் துவாரத்தை நீக்கியது. பின்னர் வேறு பல நிறுவனங்களும் அவ்வழியில் சென்றன. இத்தகைய போன்களில் டைப் சி துவாரம் உள்ளவற்றுக்கு 'டைப் சி' அடெப்டர் தேவை. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் டிஜிட்டல் ஒலியை மாற்றும் சிப் இருக்கும், மற்றதில் வெறும் வயர் இணைப்பு மட்டுமே. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சிப் இல்லாதது சில போன்களில் மாத்திரம் இயங்கும், மற்றவற்றில் சத்தமே வராது. ஆகவே கொள்வனவு செய்யும்போது சிப் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். விற்கும்போது வாடிக்கையாளரின் போனிலேயே போட்டுக் காட்டுங்கள்.

இரண்டாவது கேள்வி: ஒலி எதற்குப் போகிறது?

கணினி ஸ்பீக்கர், வாகன செட் போன்றவற்றில் ஆக்ஸ் துவாரம் இருந்தால் இரு முனையும் 3.5 ஜெக் உள்ள கேபிள் போதும். வீட்டு எம்ப்ளிஃபயருக்கு ஒரு முனையில் 3.5 ஜெக்கும் மறுமுனையில் இரண்டு ஆர்சிஏ பின்னும் உள்ளது வேண்டும். அதில் சிவப்பு வலது, வெள்ளை இடது.

அதிகமாகப் பிரச்சினை வருவது பள்ளிவாசல், மத்ரஸா, கலியாண மண்டபம் ஆகியவற்றின் மிக்சர்களில்தான். போனிலிருந்து மிக்சரின் மூன்று பின் மைக் துவாரத்துக்கு நேரே ஒரு கேபிளைக் கொடுத்தால், பேச்சாளரின் குரல் மறைந்து பின்னணி இரைச்சல் மட்டும் மெல்லியதாகக் கேட்கும். போன் கெட்டுவிட்டது என்று வாடிக்கையாளர் பயந்துவிடுவார். காரணம் இதுதான்: அந்தத் துவாரம் இரண்டு வயர்களில் வரும் ஒலிகளின் வித்தியாசத்தை மட்டுமே எடுக்கும். வழியில் சேரும் இரைச்சலை நீக்குவதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். பயானிலோ கிராஅத்திலோ குரல் இடது வலது இரண்டிலும் ஒரே அளவில் இருப்பதால் வித்தியாசம் பூச்சியமாகிவிடுகிறது. அத்துடன் மிக்சரில் மைக்குக்கான 48 வோல்ட் மின்சாரம் போடப்பட்டிருந்தால் போனுக்கும் பாதிப்பு வரலாம். இத்தகையவர்களுக்கு 3.5 ஜெக்கிலிருந்து இரண்டு 6.35 மில்லிமீற்றர் மோனோ ஜெக்குகளாகப் பிரியும் கேபிளைக் கொடுத்து, மிக்சரின் இரண்டு லைன் துவாரங்களில் போடச் சொல்லுங்கள்.

மூன்றாவது கேள்வி: எவ்வளவு தூரம், எந்த இடம்?

மேசையில் வைத்துப் பாவிக்க ஒன்று அல்லது ஒன்றரை மீற்றர் போதும். நீளம் கூடக் கூட இரைச்சல் சேரும் வாய்ப்பும் கூடும். மண்டபத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இழுக்க வேண்டுமாயின் சாதாரண ஆக்ஸ் கேபிளை ஒட்டி ஒட்டி நீட்டாமல், டிஐ பொக்ஸ் ஒன்றை இடையில் வைத்து மைக் கேபிளில் கொண்டுபோவதே சரியானது. லெப்டொப்பைச் சார்ஜரில் போட்டதும் 'ம்ம்' என்ற சத்தம் வந்தால் கேபிளைக் குறை சொல்ல வேண்டாம். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் எர்த் வழியாக வரும் இரைச்சல் அது. அதற்கென ஐசோலேட்டர் கிடைக்கிறது. எர்த் பின்னை வெட்டிவிடும் பழக்கம் உயிராபத்தானது.

வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் எமது ஊர்களில் உப்புக்காற்று ஜெக்கைக் கறுக்கச் செய்து, சத்தம் விட்டு விட்டு வரச் செய்யும். தங்கமுலாம் பூசிய ஜெக் துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் முலாம் மிக மெல்லியது, அதனால் ஒலி இனிமையாகிவிடும் என்பது வெறும் விளம்பரம். முலாமைவிட உள்ளே இருக்கும் வயர்தான் முக்கியம். புதிய சரக்கு வந்தால் ஒரு கேபிளை வெட்டிப் பாருங்கள். வெட்டுமுகம் செம்பு நிறமாக இருந்தால் செம்பு, உள்ளே வெள்ளையாக இருந்தால் செம்பு பூசிய அலுமினியம், காந்தம் இழுத்தால் இரும்பு. இரைச்சலைத் தடுக்கும் வலைச்சுற்று இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜெக்கின் கழுத்தை மெதுவாக வளைத்தபடி மல்டிமீட்டரில் தொடர்பு அறுகிறதா என்று சோதிக்கலாம். கேபிள்கள் பெரும்பாலும் அறுவது அந்த இடத்தில்தான்.

அலுமினிய வயரை விற்பது குற்றமல்ல, அதைச் செம்பு என்று சொல்லி விற்பதுதான் குற்றம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொருளின் தரம் பற்றிப் பொய்யாகக் கூறுவதைத் தடை செய்கிறது. பற்றுச்சீட்டிலேயே கேபிளின் வகையையும் நீளத்தையும் எழுதிக் கொடுங்கள். திருப்பிக் கொண்டுவந்தாலும் வாக்குவாதமின்றி மாற்றிக் கொடுக்க அது உதவும்.