தள்ளிப்போட்ட குடலிறக்கமும் தவறிப்போன பயிற்சியும்

2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியபோது, மருத்துவமனைகளின் தியேட்டர்களில் முதலில் நின்றவை அவசரமில்லாத அறுவை சிகிச்சைகள். குடலிறக்கம், விரைவீக்கம், பித்தப்பைக் கல், தைராய்டு கட்டி என்று, சில மாதம் பொறுக்கலாம் எனக் கருதப்பட்டவை அவை. படுக்கையும் ஆக்சிஜனும் மயக்கவியல் மருத்துவர்களும் கொரோனா வார்டுக்கு வேண்டியிருந்தன. வேறு வழியில்லாத முடிவுதான். ஆனால் அறுவை சிகிச்சையில் முதுநிலைப் பட்டமான எம்.எஸ். படிக்கும் மாணவரின் கை பழகுவதே அந்தச் சாதாரண அறுவை சிகிச்சைகளில்தான் என்பதை அன்று யாரும் பெரிதாகப் பேசவில்லை.

குடல் ஓட்டையாகி நள்ளிரவில் வரும் நோயாளியின் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கும். அங்கே கத்தி மூத்தவர் கையில்தான் இருக்க வேண்டும். காலையில் பட்டியல் போட்டுச் செய்யும் குடலிறக்கம் அப்படியல்ல. நோயாளி திடமாக இருக்கிறார், நேரமும் இருக்கிறது. யூனிட் சீஃப் மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்று, "நீ செய், நான் பார்க்கிறேன்" என்று சொல்ல முடியும். முதலாண்டில் அசிஸ்ட் செய்வது, தோல் தையல் போடுவது, பிறகு விரைவீக்கம், குடலிறக்கம், இறுதியாண்டில் பித்தப்பை. பொறுப்பைப் படிப்படியாகக் கூட்டும் இந்த முறையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வகுத்தவர் வில்லியம் ஹால்ஸ்டெட். எம்.எஸ். படிப்பு மொத்தமே மூன்று ஆண்டு. அதில் ஓராண்டு குலைந்தால் நடுவில் ஒரு படியே காணாமல் போகிறது.

பெருந்தொற்றின் உச்சத்தில், 12 வாரங்களில் உலகெங்கும் சுமார் 2.84 கோடி திட்டமிட்ட அறுவை சிகிச்சைகள் ரத்தாகவோ தள்ளிப்போகவோ கூடும் என்று 2020இல் ‘கோவிட்சர்ஜ்’ ஆய்வுக் குழு மதிப்பிட்டது. நடந்த சிலவற்றிலும் இளையவர்களுக்கு இடம் குறைந்தது. தியேட்டருக்குள் ஆள் குறைவாக இருக்க வேண்டும், சீக்கிரம் முடிக்க வேண்டும் என்றால் அனுபவசாலிதானே செய்வார்? வயிற்றுக்குள் நிரப்பும் வாயு கசிந்து கிருமி பரவுமோ என்ற அச்சத்தில் லேப்ராஸ்கோப்பியும் சில மாதம் ஒதுக்கப்பட்டது. அதில் கை இடப்பக்கம் போனால் கருவியின் நுனி வலப்பக்கம் போகும். ஆழமில்லாத திரைப் படத்தைப் பார்த்தபடி ஆழத்தைக் கணிக்க வேண்டும். அது திரும்பத் திரும்பச் செய்தாலன்றி வராது.

இந்தியாவில் இன்னொரு இடியும் விழுந்தது. 2021 ஏப்ரல் 18 அன்று நடக்கவிருந்த நீட் முதுநிலைத் தேர்வு செப்டம்பர் 11க்குத் தள்ளிப்போனது. இடஒதுக்கீடு வழக்கால் கலந்தாய்வு 2022 ஜனவரியில்தான் தொடங்கியது. புதிய அணி வரும்வரை இறுதியாண்டு மாணவர்களின் பணியைத் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்று அரசு முன்பே அறிவித்திருந்தது. முதலாண்டு ஆட்கள் இல்லாத வார்டில் ரத்த மாதிரி எடுப்பது முதல் டிஸ்சார்ஜ் சம்மரி வரை இரண்டாமாண்டு மாணவர் தலையில்தான் விழும். தியேட்டருக்குப் போக வேண்டிய நேரம் அதில் கரையும்.

அந்த மாணவர்கள் ஒன்றுமே கற்கவில்லை என்று சொல்வது அநியாயம். கவச உடைக்குள் வியர்த்தபடி மூச்சுத் திணறும் நோயாளியைக் கவனித்ததும், குடும்பத்தாரிடம் கெட்ட செய்தி சொன்னதும் பெரிய படிப்பு. ஆனால் அது பித்தப்பை நாளத்தைப் பிரித்தெடுக்கக் கற்றுத்தராது.

பிரிட்டனில், பெருந்தொற்றால் பயிற்சி குறைந்தது, குறை மாணவருடையதல்ல என்று ஆண்டு மதிப்பீட்டில் பதியத் தனி வகையே உருவாக்கினார்கள். மேலே போகலாம் என்பவருக்கு 10.1, கூடுதல் காலம் தேவை என்பவருக்கு 10.2. எனக்கு இது நேர்மையான வழியாகப் படுகிறது. எல்லோருக்கும் ஒரே தேதியில் பட்டம் தருவதைவிட, யாருக்கு எது விட்டுப்போயிற்று என்று லாக்புக்கைப் பிரித்துப் பார்ப்பது நோயாளிக்கும் நல்லது, அந்த இளம் மருத்துவருக்கும் நல்லது. பயிற்சிப் பெட்டியில் முடிச்சும் தையலும் பழகலாம். ரத்தம் கசியும்போது என்ன செய்வது என்பதை உயிருள்ள உடலில், மூத்தவர் பக்கத்தில் நிற்கும்போதுதான் கற்க முடியும்.

அடுத்த தொற்றுக்கான திட்டத்தில் வென்டிலேட்டர் கணக்கோடு இதையும் எழுத வேண்டும்: மாவட்டத்துக்கு ஒரு மருத்துவமனையையாவது தொற்று நோயாளிகள் இல்லாமல் தனியே ஒதுக்கி, அங்கே திட்டமிட்ட அறுவை சிகிச்சைகளைத் தொடர வேண்டும். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு முதுநிலை மாணவருக்கு இடம் கட்டாயம் இருக்க வேண்டும்.