39 இலக்க அதிசய எண்!

170141183460469231731687303715884105727

எண்ணிப் பாருங்கள். மொத்தம் 39 இலக்கங்கள்! இத்தனை பெரிய எண்ணை 1-ஆலும் இதே எண்ணாலும்தான் மீதியின்றி வகுக்கலாம். வேறு எதனாலும் முடியாது.

இப்படிப்பட்ட எண்ணுக்குப் "பகா எண்" என்று பெயர். 2, 3, 5, 7 எல்லாம் பகா எண்கள். 9 பகா எண் அல்ல. ஒன்பது முறுக்கை மூன்று பேருக்குச் சமமாகப் பங்கு போட்டுவிடலாமே!

இந்த எண் பிறந்த விதம் வேடிக்கையானது. 3-ல் தொடங்குவோம். மூன்று 2-களைப் பெருக்கினால் 8. ஒன்றைக் கழித்தால் 7. ஏழு 2-களைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 127. நூற்று இருபத்தேழு 2-களைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால், மேலே உள்ள எண்! இவை எல்லாமே பகா எண்கள்.

ஆனால் எப்போதும் இப்படி அமையாது. பதினோரு 2-களைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2047. அது 23-ஆல் வகுபட்டுவிடும்.

வகுக்காமலே விடை!

அப்படியானால் 39 இலக்க எண் பகா எண் என்று எப்படித் தெரிந்தது? ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்த்தால் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும். பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் எட்வர்டு லூக்காஸ் 1876-ல் ஒரு குறுக்கு வழி கண்டார்.

அந்த வழியை 127-ஐ வைத்துப் பார்க்கலாம். 3-ஐ 3-ஆல் பெருக்கி 2-ஐக் கழியுங்கள். 7 வரும். 7-ஐ 7-ஆல் பெருக்கி 2-ஐக் கழித்தால் 47. இப்படியே செய்துகொண்டு போக வேண்டும். விடை 127-ஐத் தாண்டினால் 127-ஆல் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து 48 வரும். பிறகு 16. ஐந்தாவது தடவை, மீதி பூஜ்யம்! ஏழு 2-களுக்கு ஐந்து தடவை. கடைசியில் பூஜ்யம் வந்தால் அது பகா எண். பென்சில் எடுத்து வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம்.

39 இலக்க எண்ணுக்கு 125 தடவை செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாத காலம் அது. கையாலேயே கணக்குப் போட்டார் லூக்காஸ். 1951 வரை, 75 ஆண்டுகள், இதைவிடப் பெரிய பகா எண்ணை யாரும் கண்டுபிடிக்கவில்லை!

லூக்காசின் முடிவு பரிதாபமானது. 1891-ல் ஒரு விருந்தில் தட்டு ஒன்று விழுந்து உடைந்தது. சில்லு தெறித்து அவர் கன்னத்தைக் கீறியது. காயம் முற்றி, சில நாட்களில் இறந்து போனார். வயது 49.

அவருடைய முறை சாகவில்லை. பின்னால் லெமர் என்ற அமெரிக்கர் அதைச் செம்மைப்படுத்தினார். 2024-ல் 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கம் கொண்ட பகா எண் ஒன்று கிடைத்தது. அதை உறுதி செய்ததும் இந்த முறைதான்.

3, 7, 127 என்று வளர்ந்த சங்கிலியில் அடுத்த எண்? 39 இலக்க எண் எவ்வளவோ, அத்தனை 2-களைப் பெருக்கி ஒன்றைக் கழிக்க வேண்டும். அது பகா எண்தானா என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. லூக்காஸ் முறையில் சோதிக்கலாம் என்றால், எத்தனை தடவை செய்ய வேண்டும் தெரியுமா? மேலே முதல் வரியில் உள்ள எண்ணுக்கு இரண்டே இரண்டு குறைவு!