எல்லையில் மகன்... ஊரில் நிலம்!

புதுச்சேரி கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு எதிரே நிற்கிறது பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னம். முதல் உலகப் போரில் பிரான்ஸுக்காக உயிர்விட்டவர்களின் நினைவாக 1938-ம் ஆண்டு திறக்கப்பட்டது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களை ‘சொல்தா’ என்பது இந்த ஊர் வழக்கு. கப்பலேறிய சொல்தாவுக்கும் வீட்டுக்கும் கடிதம்தான் பாலம்.

வயலைத் தேடிய கடிதங்கள்

அதே போரில், பிரிட்டிஷ் இந்தியப் படையும் 1914-ம் ஆண்டு பிரான்ஸில் இறங்கியது. வீரர்களில் பலர் பஞ்சாப் விவசாயிகள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், தெரிந்தவரிடம் சொல்லி எழுதினார்கள். மாடு, மழை, கடன், பங்காளித் தகராறு என்று ஊர்க் கவலையே அவற்றில் நிறைந்திருந்தது. பிரான்ஸில் பெண்கள் வயலை நடத்துவதைக் கண்டு வியந்தும் எழுதினார்கள்.

கடிதங்களை ராணுவத் தணிக்கையாளர்கள் படித்தார்கள். அதனால் இந்திய வீரர்களை ‘கறுப்பு மிளகு’ என்றும், வெள்ளைக்கார வீரர்களை ‘சிவப்பு மிளகாய்’ என்றும் மறைமொழியில் குறிப்பிட்டார்கள். தணிக்கைக்காக மொழிபெயர்த்த பகுதிகள், இன்றும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

மகன் ராணுவத்தில் இருக்கிறாரா?

இன்று செல்போன் வந்துவிட்டது. ஆனாலும், சிக்னல் இல்லாத முகாம்கள் உண்டு. அங்கே கடிதம்தான் கைகொடுக்கும். படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு, அதன்கீழ் 56 ஏ.பி.ஓ அல்லது 99 ஏ.பி.ஓ என்று எழுதினால் போதும். அவர் இருக்கும் ஊரை எழுதக் கூடாது. போனில் பேசும்போதும் ‘இப்போ எங்கப்பா இருக்கே?’ என்று துருவ வேண்டாம்.

அவர் போர்ப்பணியில் இருக்கும்போது, நிலத்தின்மீது யாராவது வழக்குப் போட்டால் பதற வேண்டாம். இந்தியப் படைவீரர்கள் (வழக்குகள்) சட்டம், 1925 துணைக்கு இருக்கிறது. வீரரால் நேரில் வர முடியாத நிலையை, மாவட்ட ஆட்சியர் மூலம் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கலாம். அவர் சார்பில் வழக்கு நடத்த யாரும் இல்லையென்றால், விசாரணையைத் தள்ளிவைக்க இந்தச் சட்டம் வழிசெய்கிறது. நோட்டீஸ் வந்ததும் தாமதிக்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள்.

பெட்டியில் இருப்பதும் சொத்துதான்

தாத்தா எழுதிய பழைய கடிதம் வீட்டில் இருந்தால், லேமினேஷன் செய்யாதீர்கள். பிறகு பிரிக்கவே முடியாது. ஈரமும் வெயிலும் படாமல், உறையோடு சேர்த்து வையுங்கள். தேதியும் முத்திரையும் உறையில்தான் இருக்கும். பத்திரத்தைப் போலவே, அதுவும் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர வேண்டியது.