ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம்

வடிவியல் தேற்றத்தை நிரூபிக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் எதிரே காரணம் எழுதச் சொல்கிறோம். சமன்பாட்டைத் தீர்க்கும்போது மட்டும் ஏன் கேட்பதில்லை?

"பிளஸ் அந்தப் பக்கம் போனால் மைனஸ்" என்ற குறுக்குவழி விரைவாக விடை தரும். ஆனால் 3ம = 12 என்று கொடுத்துப் பாருங்கள். ம = 12 − 3 = 9 என்று எழுதும் மாணவர் ஓரிருவராவது இருப்பார்கள். விதி அவர்களுக்குத் தெரியும். அதன் காரணம்தான் தெரியாது.

உண்மையில் எந்த எண்ணும் பக்கம் தாவுவதில்லை. சமமானவற்றுடன் சமமானவற்றைக் கூட்டினால் கிடைப்பவையும் சமமே என்பதை யூக்ளிட் தம் நூலின் தொடக்கத்திலேயே பொதுக் கருத்தாக வைத்தார். அதுவே நமக்கும் அடிப்படை.

என் எட்டாம் வகுப்பு மாணவர்கள் நோட்டின் நடுவே கோடு போட்டு, இடப்புறம் படியும் வலப்புறம் காரணமும் எழுதுகிறார்கள்:

3(ம − 2) = ம + 8 : கொடுக்கப்பட்டது
3ம − 6 = ம + 8 : பங்கீட்டுப் பண்பு
2ம − 6 = 8 : இருபுறமும் ம-ஐக் கழிக்க
2ம = 14 : இருபுறமும் 6-ஐக் கூட்ட
ம = 7 : இருபுறமும் 2-ஆல் வகுக்க

சரிபார்த்தல்: இடப்புறம் 3 × 5 = 15; வலப்புறம் 7 + 8 = 15.

இப்பழக்கத்தின் அருமை உயர் வகுப்பில் தெரியும். ம² = 5ம என்பதை இருபுறமும் ம-ஆல் வகுத்து, ம = 5 என்று பலர் முடித்துவிடுவர். வகுக்கும் எண் பூச்சியமாக இருக்கக் கூடாது என்பது வகுத்தல் பண்பின் நிபந்தனை. காரணத்தை எழுதும் மாணவர் அங்கே நின்று யோசிப்பார்: ம பூச்சியமாகவும் இருக்கலாமே! பிறகு ம² − 5ம = 0, அதாவது ம(ம − 5) = 0 என எழுதி, 0, 5 என்ற இரு தீர்வுகளையும் காண்பார்.

இதற்கான விதையைத் தொடக்க வகுப்பிலேயே ஊன்றலாம். 8 + 4 = □ + 5 என்பதில் 12 என நிரப்பும் குழந்தைக்குச் சமக்குறி என்பது 'விடை எழுது' என்னும் கட்டளை. தராசின் இரு தட்டுகளாக அதைக் காட்டிவிட்டு, "ஏன் 7?" என்று கேளுங்கள். "5 என்பது 4-ஐவிட ஒன்று கூட; அதனால் 8-ஐவிட ஒன்று குறையணும்" என்று ஒரு குழந்தை சொன்னால், அதுவே இயற்கணிதத்தின் தொடக்கம்.

பத்துக் கணக்குகளுக்குப் பதிலாக மூன்று கொடுங்கள், காரணத்துடன் கேளுங்கள். விடை தவறினாலும், எந்தப் படியில் தவறியது என்பதை மாணவரே கண்டுபிடித்துவிடுவார்.