அறையில் இல்லாதவருக்கும் ஒரு ஸ்லைடு

கலிபோர்னியாவில் பிட்ச் செய்து பழகிய ஒருவர் முதலீடு தேடி டோக்கியோவுக்குக் கிளம்பினால், பார்க்கிறவரெல்லாம் ஒரே யோசனையைத்தான் சொல்வார்கள்: விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் நீட்டுங்கள், வாங்கிய கார்டைச் சட்டென்று பாக்கெட்டில் திணிக்காதீர்கள், குனிந்து வணக்கம் சொல்லுங்கள். நல்ல பழக்கம், செய்யட்டும். ஆனால் பணம் வருவதும் வராததும் கார்டு நீட்டும் கையில் இல்லை. டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் அமெரிக்கக் கணக்கு. 1957இல் பாஸ்டனில் ஹார்வர்டு பேராசிரியர் ஜார்ஜ் டோரியோ நடத்திய முதலீட்டு நிறுவனம், டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற புதிய கணினிக் கம்பெனியில் 70,000 டாலர் போட்டது. பதினைந்து ஆண்டுக்குள் அந்தப் பங்கின் மதிப்பு முப்பது கோடி டாலரைத் தாண்டிவிட்டது. டோரியோ வேறு எத்தனையோ கம்பெனிகளில் பணம் போட்டிருந்தார். இந்த ஒன்றுக்கு முன்னால் அவற்றின் லாபநஷ்டம் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. வென்ச்சர் கேபிடல் தொழில் அன்று கற்ற பாடம் இன்றுவரை மாறவில்லை. பத்தில் பல மூழ்கினாலும் பரவாயில்லை, ஒன்று வானத்துக்குப் போக வேண்டும். அதனால் மென்லோ பார்க்கின் சாண்ட் ஹில் ரோட்டில் உட்கார்ந்திருக்கும் முதலீட்டாளர், இது தோற்றால் என்ன ஆகும் என்பதைவிட, பலித்தால் எவ்வளவு பெரிதாகும் என்றே அதிகம் யோசிக்கிறார். அமெரிக்க நிறுவனர்கள் பெருமையடிப்பதாக நமக்குத் தோன்றும். அதில் பாதி சுபாவம், மீதி இந்தக் கூட்டல் கழித்தல்.

ஏர்பிஎன்பி நிறுவனர்கள் 2008இல் ஏழு முதலீட்டாளர்களை அணுகினார்கள். கம்பெனியின் மதிப்பு 15 லட்சம் டாலர் என்று வைத்து, 1,50,000 டாலர் கேட்டார்கள். ஐந்து பேர் மறுத்தார்கள், இருவர் பதிலே போடவில்லை. அந்த மறுப்பு மின்னஞ்சல்களை நிறுவனர்களில் ஒருவரான பிரையன் செஸ்கி 2015இல் வெளியிட்டார். சந்தை போதுமான அளவு பெரிதாகத் தெரியவில்லை என்பது அவற்றில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. நஷ்டம் வரும் என்ற பயம் அதில் இல்லை, சின்னதாகவே நின்றுவிடுமோ என்ற பயம்தான்.

இன்னொன்று, அங்கே நீங்கள் பேசுவது ஒரு பார்ட்னரிடம். அவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை பிறந்துவிட்டால், திங்கட்கிழமை நடக்கும் பார்ட்னர்கள் கூட்டத்தில் உங்களுக்காக அவரே வாதாடுவார். மறுத்துப் பேசுகிறவர்கள் இருந்தாலும் பல நிறுவனங்களில் அவர் பேச்சு எடுபடும். ஆகவே பிட்ச் என்பது ஒரே ஒரு ஆளை நிமிர்ந்து உட்கார வைக்கும் வித்தை. பத்து ஸ்லைடு, இருபது நிமிடம், முப்பது புள்ளிக்குக் குறையாத எழுத்து என்று சிலிக்கான் வேலி முதலீட்டாளர் கை கவாசாகி வகுத்த விதி அந்த அறைக்கு அளவெடுத்துத் தைத்தது. (கவாசாகி ஹவாயில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிக்காரர் என்பது தனி வேடிக்கை.)

இப்போது அதே பத்து ஸ்லைடோடு டோக்கியோவில் ஒரு வங்கிக் குழுமத்தின் முதலீட்டுப் பிரிவுக்குள் நுழைகிறார் நம் ஆள். எதிரே இரண்டு பேர். தலையாட்டுகிறார்கள், மளமளவென்று குறிப்பெடுக்கிறார்கள், குறுக்குக் கேள்வி இல்லை. பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு இவர் வெளியே வருவார். அல்லது பிடிக்கவே இல்லை என்று நினைத்துக்கொள்வார். இரண்டுமே தவறான ஊகம். ஏனென்றால், எதிரே இருந்தவர்கள் முடிவெடுப்பவர்கள் அல்ல, செய்தியைச் சுமந்து செல்பவர்கள்.

ஜப்பானில் வென்ச்சர் கேபிடல் வெகுகாலம் பெரிய இடத்துப் பிள்ளையாகவே வளர்ந்தது. 1973இல் தொடங்கிய ஜாஃப்கோவின் பின்னால் நின்றது நொமுரா என்ற பங்குத்தரகு நிறுவனம். வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அதே வழியில் ஆளுக்கொரு பிரிவு வைத்துக்கொண்டன. அங்கே வேலை பார்க்கிறவர் மாதச் சம்பளக்காரர். முதலீடு நூறு மடங்கானாலும் அவர் வீட்டுக்குப் பெரிதாக ஒன்றும் வராது, மூழ்கினால் கையெழுத்துப் போட்ட பெயர் மட்டும் நிற்கும். அவர் இடத்தில் இருந்தால் நீங்களும் நானும் அப்படித்தான் நடந்துகொள்வோம்: தனியாகப் பொறுப்பேற்க மாட்டோம். எனவே முன்மொழிவு ஒரு தாளாக மாறி மேசை மேசையாகப் போகும், ஒவ்வொருவரும் முத்திரை குத்துவார்கள். அதற்கும் முன்பே, சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசி இசைவு வாங்கியிருப்பார்கள். கூட்டம் என்பது அங்கே பெரும்பாலும் முடிந்த முடிவை அறிவிக்கும் சடங்கு.

ஜப்பானிய ஸ்லைடுகள் ஏன் செய்தித்தாள் போல நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன என்று சிலிக்கான் வேலிக்காரர்கள் சிரிப்பதுண்டு. உங்களைப் பார்த்தே இராத ஒரு பிரிவுத் தலைவர், மூன்று வாரம் கழித்து, நீங்கள் பக்கத்தில் இல்லாமல் அதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டுமே? பெரிய எழுத்தில் ஒரே ஒரு வாக்கியம் அவருக்கு என்ன சொல்லும்?

எண்கள் விஷயத்தில்தான் உண்மையான பள்ளம் இருக்கிறது. 1999இல் டோக்கியோ பங்குச்சந்தை ‘மதர்ஸ்’ என்ற தனிச்சந்தையைத் திறந்தது. 2022இல் நடந்த மறுசீரமைப்புக்குப் பின் அதன் இடத்தில் இருப்பது ‘குரோத்’ சந்தை. சின்னக் கம்பெனிகளும் சீக்கிரமே பட்டியலேற மதர்ஸ் வழிவிட்டது. ஆகவே முதலீட்டாளர் கேட்பது, எந்த ஆண்டு லாபம், எந்த ஆண்டு பட்டியல் என்று. கூடவே, ஒப்பந்தத்தை மீறினாலோ, சொன்ன தகவல் தவறென்று தெரிந்தாலோ, பங்குகளை நிறுவனரே சொந்தப் பணத்தில் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற ஷரத்தும் ஒப்பந்தங்களில் இருந்துவந்தது. அந்தச் சுமையைத் தனிமனிதர் தலையில் கட்ட வேண்டாம் என்று பொருளாதார அமைச்சகமும் நியாயப் போட்டி ஆணையமும் 2022இல் வழிகாட்டுதல் வெளியிடும் அளவுக்கு அது பரவியிருந்தது. கலிபோர்னியாவில் ஐந்தாம் ஆண்டு வருமானம் என்று காட்டும் வரைபடத்தை யாரும் சத்தியமாக எடுத்துக்கொள்வதில்லை. ஆசை எவ்வளவு பெரிது என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான். மேலே சொன்ன ஷரத்து உலவும் ஊரில் அதே வரைபடம் வாக்குறுதி. அங்கே அடக்கமாகப் பேசுவதைப் பணிவு என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிதான் புரிந்தது என்பேன்.

மறுப்பதில் இரண்டு ஊரும் சொந்தக்காரர்கள். பெண் பார்த்துவிட்டு, ‘ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்களே, அந்தச் சாதி. டோக்கியோவில் ‘பரிசீலிக்கிறோம்’, சாண்ட் ஹில் ரோட்டில் ‘அருமையான யோசனை, இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் வாருங்கள்’. சிரித்துக்கொண்டே சொல்வதால் அமெரிக்க மறுப்பைக் கண்டுபிடிப்பதுதான் கடினம் என்பது என் கட்சி. டோக்கியோவில் ஓர் அடையாளம் உண்டு: நாலைந்து நாளில் நுணுக்கமான கேள்விப் பட்டியல் வந்தால் தாள் நகரத் தொடங்கிவிட்டது.

இவ்வளவும் சொன்ன பிறகு மசயோஷி சோன் வந்து குறுக்கே நிற்கிறார். அலிபாபாவைத் தொடங்கிய ஜாக் மாவின் கண்களைப் பார்த்தே முடிவு செய்ததாகச் சொல்பவர். 2000இல் அவருடைய சாஃப்ட்பேங்க் அலிபாபாவில் போட்டது 2 கோடி டாலர்; 2014இல் அலிபாபா நியூயார்க்கில் பட்டியலேறியபோது அந்தப் பங்கு ஐயாயிரம் கோடி டாலருக்கு மேல். அதே கண்பார்வைதான் 2017இல் வீவொர்க்கில் 440 கோடி டாலரைப் போட வைத்தது, 2023இல் அந்தக் கம்பெனி திவால் மனு கொடுத்தது. பெர்க்லியில் படித்த சோனை வைத்து ஜப்பானை அளக்க முடியாது. ஆனால் தேசத்தைப் பார்த்து பிட்ச் தயாரிக்காதீர்கள், எதிரே இருக்கும் ஃபண்டைப் பார்த்துத் தயாரியுங்கள் என்பதற்கு அவரே போதும்.

இன்று அது முன்னைவிட அவசியம். 2027க்குள் ஸ்டார்ட்அப் முதலீட்டை ஆண்டுக்கு 10 லட்சம் கோடி யென்னாக உயர்த்த ஜப்பானிய அரசு 2022இல் திட்டம் போட்டது. பெரிய குழுமங்களைச் சாராத ஃபண்டுகளும் வந்துவிட்டன. ஆரம்பகட்ட முதலீட்டுக்கான அமெரிக்க எளிய ஒப்பந்தப் படிவத்தின் ஜப்பானிய வடிவம் 2016 முதலே புழக்கத்தில் இருக்கிறது. டோக்கியோவில் ஒரே தெருவில் இரண்டு விதமான ஆட்களும் கிடைப்பார்கள்.

அதனால் நம் ஆளிடம் இரண்டு கோப்பு இருக்கட்டும், பேச ஒன்று, அனுப்ப ஒன்று. முதல் சந்திப்பு முடியும்போது கூச்சப்படாமல் கேட்கட்டும்: உள்ளே இதை யார் யார் படிப்பார்கள், அவர்கள் எதைத் தேடுவார்கள்? சுமந்து செல்ல நினைப்பவர் மகிழ்ச்சியாகவே பதில் சொல்வார், அவர் வேலை பாதி குறைகிறதே. சாண்ட் ஹில் ரோட்டிலும் இதே கேள்வி செல்லும். அங்கே மட்டும், திங்கட்கிழமை யார் எதிர்த்துப் பேசுவார் என்று மாற்றிக் கேட்க வேண்டும்.